அஞ்சு நிமிஷப் பசையா, ஒரு ராத்திரிப் பசையா? ரெண்டு டியூப் பசை வாங்கும் முன் இதைப் படிங்க!

லேப்டாப்பை மூடும்போது 'டப்'னு ஒரு சத்தம். ஸ்க்ரீனுக்குக் கீழே இடது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், ஹிஞ்ச் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டிப் பித்தளை நட், சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருக்கிறது. மூணு வருஷம் பழகிய லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு நான் செய்தது, நீங்களும் செய்யக்கூடியதுதான். தெருமுனைக் கடையில் ஒரு இன்ஸ்டன்ட் பசை வாங்கி, ரெண்டு சொட்டு விட்டு, அழுத்திப் பிடித்து, 'ஒட்டியாச்சு' என்று நிம்மதியாக நிமிர்ந்தேன். மூணாவது நாள் அதே 'டப்'. கூடுதலாக, பசை பட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு கறை வேறு.

தப்பு அந்தப் பசை மேல் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையே வேற. உடனடிப் பசை என்பது சயனோஅக்ரிலேட். காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் இருக்கிற ஈரம் பட்டதும் சட்டென இறுகிவிடும். மெல்லிசாக, இடைவெளியே இல்லாமல் பொருந்தும் ரெண்டு துண்டுகளுக்கு அது சூப்பர். ஆனால் இடையில் பள்ளம் இருந்தால் நிரப்பாது. இறுகிய பிறகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம். ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து மூடுகிற ஹிஞ்சுக்கு அது தாங்காது.

அங்கே தேவைப்படுவது ரெண்டு டியூப் பசை. பாரம் தாங்குவதற்காகவே செய்யப்பட்டவற்றை 'ஸ்ட்ரக்சுரல்' பசை என்பார்கள். நம்ம வீடுகளில் அரால்டைட் என்ற பெயரில் பல வருஷமாக மேஜை டிராயருக்குள் கிடக்கும் அந்த ஜோடி டியூப்களும் இந்தக் குடும்பம்தான். முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி நீளமான இறக்கைகளை மேல் ஓடு, கீழ் ஓடு என்று ரெண்டு பாதியாக வார்த்து, நடுவில் இந்த வகைப் பசையைப் போட்டு ஒட்டித்தான் செய்கிறார்கள். பசை என்றாலே தற்காலிக வேலை என்கிற நினைப்பை முதலில் ஓரம் கட்டிடலாம்.

இது காயாது, இறுகும்

எந்தப் பசையாக இருந்தாலும் 'காயட்டும்' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். மரவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசைக்கு அந்த வார்த்தை சரி. அதிலிருக்கும் தண்ணீர் வெளியேறினால் அது காய்ந்துவிடும். ரெண்டு டியூப் பசையில் வெளியேற எதுவும் இல்லை. ஒரு டியூபில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். தனித்தனியாக இருக்கும்வரை ரெண்டும் சாது. கலந்த நொடியிலிருந்து ரெசின் மூலக்கூறுகளும் ஹார்டனர் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று கைகோக்க ஆரம்பிக்கும். கோத்த கையை விடாமல் இன்னொன்றையும் பிடிக்க, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே வலை. திரும்ப உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். ஒவ்வொரு ரெசின் கைக்கும் ஒரு ஹார்டனர் கை வேண்டும். 'சீக்கிரம் இறுகட்டுமே' என்று ஹார்டனரைக் கூடுதலாகப் பிதுக்கினால், ஜோடி கிடைக்காத கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். எபாக்சியைப் பொறுத்தவரை ஹார்டனர் அதிகமானால் வேகம் வராது, வலுதான் குறையும். இட்லிக்கு உளுந்து கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும்னு வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதே கதைதான்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வரும். சாதாரண அரால்டைட் பெட்டியில் ரெசின் 100 கிராம், ஹார்டனர் 80 கிராம் என்று இருக்கும். ஆனால் சமமாகக் கலக்கவும் என்று போட்டிருக்கும். ரெண்டும் சரிதான். ரெசின் அடர்த்தியானது, ஹார்டனர் லேசானது. அளவில் சமமாகப் பிதுக்கினால், எடையில் 100-க்கு 80 வந்துவிடும். தராசில் வைத்து 50-க்கு 50 கிராம் போட்டால்தான் தப்பாகிவிடும். டியூபிலிருந்து ஒரே நீளத்துக்கு, ஒரே தடிமனில் ரெண்டு கோடு பிதுக்குங்க. அவ்ளோதான்.

கலப்பதில் அவசரம் வேண்டாம். நாலு சுற்று சுற்றிவிட்டு எடுத்துப் பூசுவதுதான் பெரும்பாலான வீட்டு ரிப்பேர்களில் நடக்கிற தப்பு. ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, கோடு கோடாகத் தெரிகிற நிறம் மறைந்து ஒரே மாதிரி ஆகும்வரை கலக்க வேண்டும். ஒட்டிய ஒரு வாரம் கழித்தும் ஓர் இடத்தில் மட்டும் பிசுபிசுவென இருந்தால், அங்கே கலவை சேரவில்லை என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கிடையாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கணும்.

அஞ்சு நிமிஷத்துக்குக் கொடுக்கும் விலை

இப்போ கடைக்குள் போவோம். ஒரே பிராண்டில் ரெண்டு பெட்டி. ஒன்றில் '5 நிமிடம்' என்று பெரிய எழுத்தில். இன்னொன்று முழுசாக இறுக ஒரு ராத்திரி, ஏன் ஒரு நாள்கூட ஆகும் என்கிறது. கை எதை எடுக்கும்? எனக்குத் தெரியும், எதை எடுக்கும்னு.

வேக எபாக்சியில் ஹார்டனரே வேறு வகை. பொதுவாக அது மெதுவான எபாக்சியைவிட வலு குறைந்தது, வெப்பத்துக்குச் சீக்கிரம் இளகும், ஈரத்தையும் குறைவாகத்தான் தாங்கும். உடைந்த பொம்மை, போட்டோ ஃபிரேம், கதவு வாஷ்பேசின் மேல் இடிக்காமல் இருக்க வைக்கிற ரப்பர் பொத்தான், இதற்கெல்லாம் அது போதும். ஆனால் எப்போதும் பாரம் தொங்குகிற இடத்தில் தவறான பசை போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு நிஜ சம்பவம் இருக்கிறது.

2006 ஜூலை 10. இரவு 11 மணியளவில், 'பிக் டிக்' என்று அழைக்கப்பட்ட மாபெரும் சாலைத் திட்டத்தின் சுரங்கப்பாதையில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலிருந்த கான்கிரீட் சீலிங் பலகைகள் பெயர்ந்து விழுந்தன. கான்கிரீட்டும் அதைத் தாங்கிய இரும்புச் சாமான்களும் சேர்த்து சுமார் 26 டன். காரில் பயணித்த பெண் அங்கேயே இறந்துபோனார். ஓட்டி வந்த கணவர் தப்பினார்.

அந்தப் பலகைகள் எதில் தொங்கின தெரியுமா? சுரங்கத்தின் கூரையில் துளையிட்டு, எபாக்சி பசை போட்டுச் செருகிய போல்ட்டுகளில். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, 2007-ல் அறிக்கை கொடுத்தது. பயன்படுத்தியது சீக்கிரம் இறுகும் ரகம். தொடர்ந்து இழுக்கும் பாரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும் குணம் கொண்டது. அந்த இடத்துக்கு அது பொருத்தமே இல்லை என்பது அறிக்கையின் சாரம். அதே தயாரிப்பில் மெதுவாக இறுகும் ரகமும் இருந்தது. இன்னொரு கொடுமை, 1999-ல் கட்டுமானம் நடந்தபோதே சில போல்ட்டுகள் கீழே இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். காரணத்தை முழுசாகத் தோண்டாமல், அவற்றைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

இந்த 'மெல்ல நகர்வது' என்பதை உங்கள் மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். புதுசாகக் கட்டிய நைலான் கொடி முதல் நாள் விறைப்பாக இருக்கும். ஈரத்துணி தினமும் தொங்கத் தொங்க, சில மாசத்தில் நடுவில் தொய்ந்துவிடும். அறுந்ததா? இல்லை. ஒரே நாளில் நீண்டதா? அதுவும் இல்லை. இதற்கு 'கிரீப்' என்று பெயர். ஒட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் பசை கல்லு மாதிரி நிற்கும். ஆறு மாசமோ மூணு வருஷமோ கழித்து நிற்குமா என்பது வேறு கேள்வி. பெட்டி மேல் போட்டிருக்கும் 'இத்தனை கிலோ தாங்கும்' என்ற எண், பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதில்தான்.

அதனால்தான் ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபேன் கொக்கி ஆடுகிறதா, ஊஞ்சல் கொக்கி தளர்ந்துவிட்டதா, வாசலில் புல்-அப் பார் மாட்ட ஆசையா? ஹார்டுவேர் கடையில் வாங்கிய டியூபைத் துளைக்குள் பிதுக்கிச் செருகி வைக்காதீங்க. தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கென்றே சோதித்துச் சான்று பெற்ற கெமிக்கல் ஆங்கர்கள் தனியாக இருக்கின்றன. அவற்றையும் சரியான ஆழத்தில் துளையிட்டு, உள்ளே இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி ஊதிச் சுத்தம் செய்த பிறகுதான் போட வேண்டும். தூசியில் ஒட்டிய பசை தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், கான்கிரீட்டை அல்ல. இது விவரம் தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை.

எபாக்சி மட்டும்தானா?

இல்லை. ரெண்டு பாகப் பசையில் நமக்குக் கண்ணில் படுவது மூணு வகை.

எபாக்சி பற்றி நிறையப் பேசிவிட்டோம். உலோகம், கல், பீங்கான், மரம், கண்ணாடி என்று விறைப்பாக இருக்கிற எதுக்கும் முதல் சாய்ஸ். பள்ளத்தை நிரப்பும், இறுகும்போது சுருங்காது. எம்-சீல் மாதிரி கையில் பிசைகிற மாவும் எபாக்சிதான். ஆனால் அது குழாய் ஒழுகல், ஓட்டை அடைக்க வந்தது. பாரம் தாங்க அதை நம்பக் கூடாது.

அடுத்தது அக்ரிலிக் வகை. மெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது முழுப் பெயர். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் அதுதான். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் ஷீட் மாதிரி பிளாஸ்டிக்குகளுக்கு எபாக்சியைவிட இது நல்லா பிடிக்கும். சீக்கிரமும் இறுகும். மேற்பரப்பு அவ்வளவு சுத்தமாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் அனுசரித்துப் போகும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், கேஸ் அடுப்பு எரிகிற சமையலறையில் வைத்து வேலை பார்க்காதீங்க. ஜன்னலைத் திறந்து வைப்பதும் கட்டாயம். இது எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூட.

மூணாவது பாலியூரித்தேன். இறுகிய பிறகும் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். அதிர்வு, வளைவு, ரெண்டு விதமான பொருள்கள் வெயிலில் வெவ்வேறு அளவில் விரியும் இடம், இங்கெல்லாம் எபாக்சி விறைத்துக்கொண்டு உடையும், இது தாக்குப்பிடிக்கும். ஷூ சோல் ஒட்டும் தொழிற்சாலைகளில் பாலியூரித்தேன் பசைக்கு மவுசு அதிகம். ஒவ்வொரு அடிக்கும் வளைகிற பொருளாச்சே.

இந்த மூணுமே தோற்றுப்போகிற ஒரு எதிரி உண்டு. உங்கள் வீட்டு பிளாஸ்டிக் வாளி. வாளி, டிபன் பாக்ஸ், தண்ணீர் கேன் மூடி எல்லாம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மெழுகு மாதிரி வழவழப்பான மேற்பரப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க, பரவாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். தண்ணீரையே ஒட்டவிடாத பொருள், பசையை மட்டும் விடுமா? பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று எண் இருந்தால் சாதாரணப் பசைக்குக் காசு செலவழிக்காதீங்க. இந்த பிளாஸ்டிக்குகளுக்கென்றே தனி அக்ரிலிக் பசை உண்டு. ஆனால் ஒரு வாளிக்காக அதை வாங்கினால், அந்தக் காசில் ரெண்டு புது வாளி வாங்கிடலாம்.

பசையைத் திறக்கும் முன்

பசை வாங்குவது சின்ன வேலை. ஒட்டும் இடத்தைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்க. பிறகு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்த தூளை மறுபடி ஆல்கஹாலால் துடைக்கணும். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே தேய்த்தால், எண்ணெயைக் கீறல்களுக்குள் நீங்களே பூசிவிட்ட மாதிரி ஆகும். துடைத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்க. உங்கள் விரலிலும் எண்ணெய் இருக்கிறது. உலோகத்தில் சுத்தம் ஆனதா என்று பார்க்க, அதே தண்ணீர்ச் சொட்டு சோதனைதான். முத்தாக நிற்காமல் தாள் மாதிரி பரவினால் ரெடி.

ஒட்டியதும் பலம் கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டுவதும் தப்பு. உள்ளே இருக்கும் பசை எல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும். எபாக்சிக்கு நடுவில் 0.1 முதல் 0.3 மி.மீ வரை பசை தங்குவது நல்லது. துணி காயப்போடும் க்ளிப் பிடிக்கிற அளவு அழுத்தமே சின்ன வேலைக்குப் போதும். முக்கியமானது, அது நகராமல் இருப்பதுதான்.

வெயில் நாட்களில் பசை சீக்கிரம் இறுகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. மே மாத சென்னையில், டியூப் மேல் போட்டிருக்கும் நேரத்தை நம்பி டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கலவை கல்லாகியிருக்கும். நிறையக் கலந்து ஒரு கப்பில் குவித்து வைத்தாலும் அதுவே சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். சில சமயம் புகைகூட வரும். வேண்டிய அளவு மட்டும், அகலமான தட்டில் பரப்பிக் கலக்கலாம்.

இறுகிய பிறகும் சூடு ஒரு பிரச்னைதான். வீட்டு உபயோக எபாக்சிகள் பல 60, 80 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டே 70 டிகிரி வரை போகக்கூடியது. பைக் சைலன்ஸரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, பாரம் எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்க. நல்ல எபாக்சி, அலுமினியத்தில் 20 மெகாபாஸ்கல் வரை தாங்கும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ! ஆனால் அது, ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும் ரெண்டு தகடுகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது. அதே தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரி உரித்தால் மொத்தப் பாரமும் ஒரு மெல்லிய கோட்டில் வந்து நிற்கும். 200 கிலோ தாங்கிய பசை அங்கே சாதாரணமாகக் கழன்றுவிடும். அதனால் விளிம்போடு விளிம்பு ஒட்டுவதைவிட, பின்னால் ஒரு பட்டையை வைத்து அகலமாக ஒட்டுவது எப்போதுமே பலம்.

கையையும் பாருங்க

ஹெல்மெட் விரிசல், பிரேக் லீவர், அலாய் வீல், ஃபுட்ரெஸ்ட். இந்த நாலும் பசை வேலை இல்லை. உடைந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஹெல்மெட்டில் விரிசல் என்றால் அது தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டினால் பார்க்க நல்லா இருக்கும், தலைக்கு உதவாது. சாப்பாடு, குடிநீர் படும் பாத்திரங்களும் வேண்டாம்.

எபாக்சி இறுகும்வரை தோலுக்கு ஆகாது. சிலருக்கு அலர்ஜி வரும். ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. அதன்பின் துளி பட்டாலே அரிக்கும். அதனால் நைட்ரைல் கையுறை போடுங்க. பட்டுவிட்டால் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்க. அசிட்டோனோ தின்னரோ ஊற்றிக் கழுவினால், அது பசையைத் தோலுக்குள் இன்னும் நன்றாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலியூரித்தேன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. வீஸிங் இருப்பவர்கள் அதிலிருந்து தள்ளி இருப்பதே நல்லது.

சரி, என் லேப்டாப் என்ன ஆச்சு? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சர்வீஸ் கடை அண்ணனிடம் காட்டினேன். முதலில் திட்டு வாங்கினேன், இன்ஸ்டன்ட் பசையை ஊற்றியதற்கு. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்கவே அவருக்கு அரை மணி நேரம் ஆனது. பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கி, பித்தளை நட்டுக்குள் பசை போய்விடாமல் இருக்க ஸ்க்ரூவில் லேசாக வாஸ்லின் தடவி மாட்டினார். பிறகு நட்டைச் சுற்றி மட்டும் பூசாமல், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வரை அகலமாக எபாக்சியைப் பரப்பினார். மெதுவான ரகம்தான். விறைத்துப்போயிருந்த ஹிஞ்சின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திவிட்டார். மூலை உடைந்ததற்கு மூல காரணமே அந்த விறைப்புதானாம். அதை விட்டுவிட்டு ஒட்டினால் அடுத்த மாசம் பக்கத்து இடம் உடையும்.

அன்று சாயங்காலமே வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம்தான் கொடுத்தார். இந்தக் கட்டுரையை அதில்தான் டைப் செய்தேன்.